கப்பலேறிய ‘கூலி’



ஆங்கில அகராதியைப் புரட்டினால் நம்ம வீட்டுச் சொற்கள் சில அங்கே தொப்பியும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நம் கட்டுமரம் அங்கே ‘கேட்டமரன்’. நம் சுருட்டு ‘செரூட்’. நம் மிளகுத்தண்ணீர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல் ‘மல்லிகடானி’ ஆகிவிட்டது. உடை மாறினாலும் இவற்றின் குணம் பெரிதாக மாறவில்லை. கட்டுமரம் அங்கேயும் தண்ணீரில்தான் மிதக்கிறது. சுருட்டு அங்கேயும் புகைகிறது. மிளகுத்தண்ணீரில் அவர்கள் இறைச்சியும் காய்கறியும் அள்ளிப் போட்டாலும் காரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இவற்றோடு போன இன்னொரு சொல்லின் கதை வேறு. ஊரில் இருந்தவரை நல்ல பெயரோடு இருந்தது. கடல் கடந்து போன பிறகு கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. அந்தச் சொல்தான் ‘கூலி’. ஆங்கிலத்திலும் அது ‘கூலி’ என்றேதான் ஒலிக்கிறது. ஒலி அப்படியே இருக்க, பொருள் தலைகீழாகிவிட்டது. நம் பாட்டன் பூட்டன்மாரை இந்த நாட்டில் இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். அது எங்கே பிறந்தது, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஊரில் இருந்த கூலி

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அவ்வளவுதான். வேலை செய்யும் ஆளுக்குக் கூலி என்று பெயர் கிடையாது. அவர் கூலியாள், கூலிக்காரர். ஆள் வேறு, கூலி வேறு. இந்தச் சின்ன வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மனிதருக்கு மட்டுமா கூலி? வண்டிக்கும் கூலி உண்டு, அது வண்டிக்கூலி. குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுப்பது குடிக்கூலி. நகைக்கடையில் தாலி செய்யக் கொடுத்தால் தட்டார் கேட்பது செய்கூலி. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தச் செய்கூலியும் சேதாரமும் நன்றாகவே தெரியும்! செய்கூலி கேட்டதால் தட்டாரை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. தொழில் செய்தார், கூலி கேட்கிறார், நியாயம்தானே.

சொல்லின் வேரைத் தோண்டிய தமிழறிஞர்களில் சிலர் ‘கூலம்’ என்ற சொல்லிலிருந்து கூலி வந்தது என்பார்கள். கூலம் என்றால் தானியம். மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்று சொல்வது அவர் தானிய வணிகர் என்பதால்தான். காசு புழங்காத காலத்தில் களத்துமேட்டில் நெல்லாக அளந்து போட்டதே உழைப்பின் ஊதியம். தானியமே கூலியாயிற்று என்பது கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எப்படியானாலும் சொல் நம் மொழிக் குடும்பத்துச் சொல். மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை 1961-இல் வெளியிட்ட பர்ரோ, எமனோ என்ற இரு அறிஞர்களும் இவற்றை ஒரே குடும்பமாகத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

திருவள்ளுவரே இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619-ஆம் குறள் மேல் வகுப்பு மாணவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். தெய்வத்தாலே ஆகாத காரியமானாலும், உடம்பை வருத்திச் செய்த முயற்சி அதற்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்கிறார். கூலி என்பது யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை என்று அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் அந்தச் சொல்லை வைத்திருப்பாரா? விதியே எதிர்த்து நின்றாலும் உழைத்தவனுக்கு வந்து சேர வேண்டிய பங்கு என்ற கருத்தில்தான் வைத்திருக்கிறார்.

மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை நம் தோட்டத்துப் பாட்டிமார் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளை. பிட்டு விற்கும் வந்திக்கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். வேலை நடக்காததைக் கண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது என்பது கதை. கடவுளையே கூலியாளாகக் காட்ட நம் மக்கள் கூசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போர்ச்சுகீசியர் காதில் விழுந்தது

இப்படி ஊரோடு இருந்த சொல் எப்படி வெள்ளைக்காரர் காதில் விழுந்தது? இங்கேதான் அறிஞர்களுக்குள் வழக்கு.

1886-இல் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று ஒரு பெரிய அகராதி வெளிவந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சில் கலந்த கீழைநாட்டுச் சொற்களையெல்லாம் திரட்டிய நூல் அது. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் பர்னல். இந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையிலிருந்த வடமொழி ஏடுகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். பாவம், 1882-இலேயே காலமாகிவிட்டதால் அச்சான நூலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த நூல் என்ன சொல்கிறது? மேற்கிந்தியாவில், குஜராத்திலும் கொங்கணக் கரையிலும் ‘கோலி’ என்றொரு சமூகத்தார் இருக்கிறார்கள். மீன்பிடித்தும் உழுதும் பிழைத்தவர்கள். அவர்கள் பெயரே கூலி என்ற சொல்லுக்கு மூலமாக இருக்கலாம் என்கிறது. அது காட்டும் மிகப் பழைய மேற்கோள் 1548-ஐச் சேர்ந்த ஒரு போர்ச்சுகீசியக் குறிப்பு. இன்றைய மும்பைக்கு வடக்கே வசாய்ப் பக்கம் மீன் பிடிக்கும் கோலிகளிடம் வாங்கிய வரியைப் பற்றியது அது. ஆனால் தமிழிலே கூலி என்றால் ஊதியம் என்று ஒரு சொல் இருக்கிறது, அதுவே உண்மையான மூலம் என்று வில்சன் என்ற அறிஞர் கருதினார் என்பதையும் அதே நூல் மறைக்காமல் எழுதியிருக்கிறது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லைக் கூடச் சிலர் இந்த வழக்கில் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு ஓடையும் ஒரே ஆற்றில் கலந்திருக்கின்றன என்பேன். மேற்குக் கரையில் போர்ச்சுகீசியர் கோலி என்ற மக்களின் பெயரைக் கேட்டார்கள். கிழக்குக் கரைக்கு, நாகப்பட்டினத்துக்கும் மயிலாப்பூர் சாந்தோமுக்கும் வந்தபோது, மூட்டை இறக்குகிறவர்கள் ‘கூலி, கூலி’ என்று கேட்பதைக் கேட்டார்கள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் இருக்க, ஒரே சொல்லாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். கோலி என்ற சொல் மட்டும் தனியே வந்திருந்தால் அது ஒரு சமூகத்தின் பெயராகவே நின்றிருக்கும். எந்த ஊரில் எந்தச் சாதியாராக இருந்தாலும் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்ற பொருள் அதற்கு ஏறியதில் தமிழ்க் கூலிக்குப் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

துறைமுகத்தில் நடந்திருக்கக்கூடியதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கப்பல்காரன் கையைக் காட்டி ஆளைக் கூப்பிடுகிறான். வந்தவர் மூட்டையை இறக்கிவிட்டு “கூலி குடுங்க சாமி” என்கிறார். மறுநாளும் அதே சொல். மூன்றாம் நாள் கப்பல்காரன் அந்தச் சொல்லைச் சொல்லியே ஆளைக் கூப்பிடுகிறான். கூலியாளில் ஆள் உதிர்ந்துபோய்விட்டார். கூலி மட்டும் மிஞ்சியது.

சம்பளமும் சாலரியும்

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஆங்கிலத்தில் மாதச் சம்பளத்துக்கு ‘சாலரி’ என்கிறார்கள். அதன் வேர் இலத்தீனில் உள்ள ‘சலாரியும்’. ‘சால்’ என்றால் இலத்தீனில் உப்பு. ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை. நம் சம்பளத்தையும் சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்துப் பொருள் சொல்வார் உண்டு. வடமொழியில் ‘சம்பலம்’ என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு. தமிழ் லெக்சிகன் அந்த வடசொல்லைத்தான் மூலமாகக் காட்டுகிறது.

உப்போ, நெல்லோ, கட்டுச்சோறோ, எல்லாம் ஒன்றுதான். உழைத்தவனுக்குக் கொடுத்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஆபீசில் சாலரி வாங்கிய கிராணியை யாரும் “ஏ சாலரி, இங்கே வா” என்று கூப்பிடவில்லை. வெயிலில் நின்று கூலி வாங்கியவரைத்தான் “ஏ கூலி” என்று கூப்பிட்டார்கள்.

கடல் தாண்டிய பெயர்

பிரிட்டிஷ் ஆட்சி நிலங்களில் 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கைகள் வேண்டியிருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு மொரீசியஸ் தீவை அடைந்தது. அவர்கள் தமிழர் அல்லர். கல்கத்தா வழியாகப் போன வடநாட்டார். இருந்தும் பெயர் என்னவோ கூலிதான். போர்ட் லூயி நகரில் அவர்கள் இறங்கிய படித்துறைக்கே ‘கூலி காட்’ என்று பெயர் வந்தது. இன்று அதை ‘ஆப்ரவாசி காட்’ என்கிறார்கள். குடியேறியோர் துறை என்று பொருள். 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் சேர்ந்தது. அதில் இருந்தவர்களுக்கும் அதே பெயர்.

அதற்குள் சொல் இந்தியரை விட்டும் தாண்டிவிட்டது. கியூபா தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1847 முதல் 1874 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்களும் கூலிகள்! 1862 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் கப்பல்களில் ‘கூலி வியாபாரம்’ செய்யக்கூடாது என்ற சட்டம் அது. ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலம் தன் பங்குக்கு ‘கூலி எதிர்ப்புச் சட்டம்’ கொண்டுவந்து சீனத் தொழிலாளர் தலைக்கு மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. களத்துமேட்டில் பிறந்த சொல் வாஷிங்டன் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அங்கே இருந்த யாருக்காவது அதற்கு ஊதியம் என்று பொருள் தெரிந்திருக்குமா? சந்தேகம்தான்.

சீனர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதியவிதம் மனத்தைத் தொடுவது. சீன மொழியில் வெளிநாட்டுச் சொல்லை ஒலிக்கேற்ற எழுத்துகளைத் தேடித்தான் எழுத வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் இருக்கும். கூலிக்கு அவர்கள் பிடித்த எழுத்துகள் ‘கு’, ‘லி’ என்ற இரண்டு. முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். இரண்டாவதற்கு வலிமை. துன்பப்படும் வலிமை! சிங்கப்பூர் ஆற்றோரம் அரிசி மூட்டை சுமந்த சீனத் தொழிலாளருக்கு அந்த இரண்டு எழுத்துகளும் விளக்கம் சொல்லாமலே புரிந்திருக்கும். பக்கத்திலே சுமத்ராவில், டெலி புகையிலைத் தோட்டங்களுக்காக 1880-இல் டச்சுக்காரர் போட்ட சட்டத்தின் பெயரும் ‘கூலிச் சட்டம்’தான். ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போன தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை வரைக்கும் அதில் இடமிருந்தது. அங்கே கட்டுண்டு கிடந்தவர்கள் சீனரும் ஜாவாக்காரரும்.

கூலி வக்கீலும் சாமியும்

1893-இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவுக்கு வழக்கறிஞராகப் போனபோது, அங்கே இந்தியர் என்றாலே கூலி என்ற நிலை. வியாபாரம் செய்தால் கூலி வியாபாரி. ஆகவே அவர் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். அந்தச் சொல்லின் உண்மைப் பொருளே மறந்துபோயிருந்தது என்று தம் சுயசரிதையில் எழுதுகிறார்.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். நம்மவர் பெயர்களில் முனுசாமி, கோவிந்தசாமி என்று ‘சாமி’ வரும் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர் இந்தியரையெல்லாம் “சாமி” என்றும் இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். சாமி என்றால் எசமான். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ள இந்தியர், “என்னைச் சாமி என்கிறாயே, அதற்கு எசமான் என்று பொருள். நான் உனக்கு எசமான் இல்லையே” என்று திருப்பிக் கொடுப்பாராம். சில வெள்ளைக்காரருக்கு முகம் சுருங்கிப்போகுமாம். சிலருக்குக் கோபம் வந்து அடிக்கவும் செய்வார்களாம். பொருள் தெரிந்தவன் கையில் சொல் எப்படித் திரும்புகிறது, பார்த்தீர்களா?

நம்ம தோட்டத்துக்கு வந்த கதை

மலாயாவுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் வரத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு. பிறகு காப்பி. பிறகு நமக்கெல்லாம் தெரிந்த பால்மரம். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே பெரிய வழியாயிற்று. 1907-இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்தில் கப்பல் செலவு போனது. 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்புக்குத் தடை போட்டது.

‘கங்காணி’யும் ஆங்கில அகராதியில் ஏறிய தமிழ்ச் சொல்தான். கண்ணும் காணுதலும் சேர்ந்தது, கண்காணிப்பவர். ஆக நாகப்பட்டினத்தில் கூலியும் கங்காணியும் ஒரே கப்பலில் ஏறினார்கள். கங்காணி தன் பொருளோடு வந்து இறங்கினார். கூலி தன் பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது.

ஆங்கிலச் சொற்களும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்கு நம் வாயில் புகுந்தன. விடியற்காலையில் இருட்டோடு எழுந்து பெயர் கொடுக்கப் போவோமே, ‘பெரட்டு’, அது ‘பரேடு’ என்பதன் திரிபு. நாம் குடியிருந்த வீட்டு வரிசை ‘லயன்’, ‘லயம்’. அது ஆங்கிலத்தில் கோடு, வரிசை என்று பொருள்படும் ‘லைன்’. அதற்கும் மூலம் இலத்தீன் ‘லினியா’. ஆளி நாரில் திரித்த நூலுக்கு அந்தப் பெயர். கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதில்லையா? அந்த நூல்தான் கோடாகி, வரிசையாகி, கடைசியில் நம் லயத்து வீடாயிற்று. ஆங்கிலேயர் எழுதிவைத்த ‘கூலி லைன்ஸ்’ என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் தமிழ்நாட்டுக் களத்து ஊதியம், மறுபக்கம் ரோமாபுரி நூல். நடுவிலே பத்தடிக்குப் பத்தடி அறையில் நம் மக்கள்.

சரி, பெயர்தான் கூலி. கிடைத்த கூலி எவ்வளவு? 1920-களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் அரசாங்கம் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அதுவும் குறைந்தது. எத்தனையோ பேரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, கொசுக்கடியில் நின்று மரம் வெட்டி, மங்கிலே பால் சேர்த்து, வாளி சுமந்து வந்து நிறுத்துப் போட்ட அம்மாவுக்கு ஆணைவிடப் பத்துக் காசு குறைவு. மரம் என்னமோ ஆண் வெட்டினாலும் பெண் வெட்டினாலும் அதே பாலைத்தான் கொடுத்தது!

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒன்று; கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றைப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டியதில்லை என்று கேட்டார்கள். சைக்கிள் தொழிலாளியின் சொந்தக் காசில் வாங்கியது. பாதையில் போனாலும் இறங்கித்தான் நிற்க வேண்டும் என்று இருந்தது. அதை மாற்றக் கேட்டதற்கும் சேர்த்துப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். கூலி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. “எங்கள் கூலியைச் சரியாகக் கொடு” என்பது ஒரு வரி. “எங்களைக் கூலி என்று நடத்தாதே” என்பது அடுத்த வரி. முன்னது வள்ளுவர் சொன்ன கூலி. பின்னது கப்பல்காரன் சொன்ன கூலி.

போருக்குப் பிறகு பெயர் மெல்ல மாறியது. தோட்டத்துச் சங்கங்கள் ஒன்றாகி 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் பெயரில் இருந்த சொல் ‘தொழிலாளர்’. ஆங்கிலத்தில் உதிர்ந்துபோன அந்த ‘ஆள்’ தமிழில் மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டார்.

இன்று அந்தச் சொல்

மலாய் மொழியில் ‘குலி’ என்றால் உடலுழைப்புத் தொழிலாளி. தாய்லாந்திலும் வியட்நாமிலும் இந்தச் சொல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தியரைப் பார்த்து இதைச் சொன்னால் அது வசவு, சண்டை வந்துவிடும். இந்திய ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டை போட்டு மூட்டை தூக்குகிறவர்களை நெடுங்காலம் கூலி என்றே அழைத்துவந்தார்கள். 2016-இல் இந்திய ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அவர்களை இனி ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைப்பதாக அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர, அவசரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு கதை.

எல்லாரும் இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்கவில்லை. மொரீசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992-இல் வெளிவந்த தம் கவிதை நூலில் ‘கூலித்துவம்’ என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லை உருவாக்கினார். கப்பலேறிப் போன அத்தனை இன மக்களின் அனுபவத்துக்கும் அந்த வசவுச் சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டிலோ 2025-இல் ரஜினிகாந்த் நடித்த படத்துக்கே ‘கூலி’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள்.

நம் நாட்டில் 2013 ஜனவரி முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கி, பிறகு படிப்படியாக உயர்ந்தது. சம்பளச் சீட்டில் இப்போது கூலி என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. பேச்சில் மட்டும் பழைய ஆட்கள் “அன்னக்கூலிக்குப் போனேன்” என்பார்கள். அன்றைக்கு உழைத்து அன்றைக்கு வாங்கியது. அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் வெட்கம் இருந்து நான் கேட்டதில்லை.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, அப்ப இந்த வார்த்தையைச் சொல்லலாமா, கூடாதா?” நல்ல கேள்வி. தமிழில், செய்த வேலைக்குக் கூலி கேட்கும்போது தாராளமாகச் சொல். குரலை உயர்த்தியே சொல். ஆங்கிலத்தில் ஒரு மனிதரைப் பார்த்து அதைச் சொல்லாதே. வேறு யாராவது சொன்னால், அதற்கு என்ன பொருள் என்று அவரையே கேள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும்.

இன்றைய விழாவில் பரிசாக ஆங்கில அகராதி கிடைக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ‘சி’ எழுத்துப் பகுதியைத் திறந்து பாருங்கள். நல்ல அகராதியாக இருந்தால் ‘கூலி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இழிவழக்கு என்று ஒரு குறிப்பு இருக்கும். பிறகு பள்ளி நூலகத்துக்கு வந்து தமிழ் அகராதியில் ‘கூ’ வரிசையைப் பாருங்கள். அங்கே அப்படிக் குறிப்பு எதுவும் இருக்காது. அப்படியே ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’ இரண்டையும் இரண்டு அகராதியிலும் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். விடுமுறை முடிந்து வரும்போது காட்டலாம்.